வானொலி மோடெமும் அதன் அன்ரெனாவும்

வானொலிப் பெட்டி ஓர் அரும்பொருளாக இருந்த நாட்களில், அஃது ஒரு வீட்டில் உண்டு என்பதை வீதியிற் செல்வோருக்கு அறிவித்தது பெட்டியன்று; வளவில் நின்ற இரு தென்னைகளுக்கு இடையே இழுத்துக் கட்டப்பட்டிருந்த செப்புக் கம்பியே. அதனை ‘ஏரியல்’ என்றனர். அதிலிருந்து ஒரு கம்பி யன்னல் வழியாகப் பெட்டிக்கு வரும். பெட்டியிலிருந்து மற்றொரு கம்பி வெளியே சென்று நிலத்தில் அறையப்பட்ட ஒரு கோலில் முடியும். கோடை நாட்களில் அக்கோலின் அடியில் ஒரு செம்பு நீர் ஊற்றுவது வீட்டுப் பெரியவரின் மாலைக் கடமைகளுள் ஒன்று. மண் ஈரமாக இருந்தால் ஒலி தெளிவாக வரும் என்பது அவர் நூலிற் கற்றதன்று, அனுபவத்திற் கண்டது.

பின்னர் திரான்சிஸ்ரர் வானொலி வந்தது. மத்திய அலைக்கு வேண்டிய வாங்கி, கருநிறக் கோல் ஒன்றிற் சுற்றிய கம்பிச் சுருளாகப் பெட்டிக்குள்ளேயே அடங்கிவிட்டது. தென்னைகளின் இடையே இருந்த கம்பி கண்ணுக்கு மறைந்தது. அதனுடன் அதன் அருமையும் மறந்துபோயிற்று. இன்று கையடக்கத் தொலைபேசியை வைத்திருப்போருட் பெரும்பாலோர் அதற்குள் அன்ரெனா ஒன்றல்ல, பல உள்ளன என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை.

அன்ரெனாவை எண்ணிப் பாராமலிருப்பது தொலைபேசியை வாங்குவோருக்குத் தீங்கில்லை. அதனைச் செய்தவர் அவருக்காக எண்ணியிருக்கிறார். ஆனால் இன்று பாடசாலை மாணவரும், தோட்டத்துத் தொழில்நுட்பவியலாளரும், கமக்காரரும் தாமாகவே பொருத்தும் ஒரு கருவி பரவலாகியுள்ளது. அதுவே உட்பொதி வானொலி மோடெம். தீப்பெட்டியிலும் சிறிய சுற்றுப்பலகை அது. கிணற்றின் நீர்மட்டத்தையோ, மண்ணின் ஈரத்தையோ, பெய்த மழையின் அளவையோ அளக்கும் ஒரு கருவியினுள் அதனைப் பதித்துவிட்டால், அளந்த எண்ணை அது வானலையாக மாற்றித் தொலைவிலுள்ள மற்றொரு மோடெமுக்கு அனுப்பும். இம்மோடெம்களுட் பல அன்ரெனா இன்றியே விற்கப்படுகின்றன. எந்த அன்ரெனாவைத் தெரிவது, அதனை எவ்வாறு இணைப்பது என்னும் பொறுப்பு, வாங்கியவர் தலையிலேயே வந்து விழுகின்றது.

அப்பொறுப்பு எத்தகையது என்பதை மலைநாட்டில் வைத்து நோக்குவது தகும். 2014ஆம் ஆண்டு ஒக்ரோபர் 29ஆம் திகதி காலை, பதுளை மாவட்டத்தில் கொஸ்லந்தையை அடுத்த மீரியபெத்தைத் தோட்டத்தில், கடுமழையை அடுத்து மலைச்சரிவு பெயர்ந்து இறங்கி லயன் வீடுகளை மூடியது. பலர் மண்ணுள் மாண்டனர். மண்சரிவு திடீரென நேர்வதுபோலத் தோன்றினும், அதற்கு முன் மழை தன் கணக்கை எழுதிக்கொண்டே வருகின்றது. ஒரு நாளில் 75 மில்லிமீற்றர், 100 மில்லிமீற்றர், 150 மில்லிமீற்றர் எனப் பெய்த அளவைப் படிகளாக்கி, விழித்திருத்தல், ஆயத்தமாதல், வெளியேறுதல் என எச்சரிக்கும் முறையை இந்நாட்டில் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் கையாண்டு வந்துள்ளது. சரிவின் மேலே மழைமானி ஒன்று நின்று, இரவு இரண்டு மணிக்கு அந்த அளவைக் கீழே உள்ளவர்க்குச் சொல்லுமாயின், உறங்குவோரை எழுப்ப அவகாசம் கிடைக்கும்.

அவ்வாறான ஒரு மழைமானியை எடுத்துக்காட்டாகக் கொள்வோர்க்கு அன்ரெனாவின் விதிகள் யாவும் எளிதில் விளங்கும். மேட்டிலே மானி, அதற்கு 2 கிலோமீற்றர் அப்பால், 400 மீற்றர் தாழ்வாக, தோட்டத்துக் காரியாலயத்தில் செய்தியை வாங்கும் மோடெம். வெயிற் காலத்தில் இரண்டையும் மேசைமேல் வைத்துப் பரீட்சித்தால், எந்தக் கம்பியை மாட்டினாலும் செய்தி போய்ச் சேரும். இதுவே பலரை ஏமாற்றும் இடம். கருவி வேலை செய்யவேண்டியது அந்த மேசைமேலன்று. இலைகள் நனைந்து, இணைப்பில் நீர் கசிந்து, சூரியன் காணாத பற்றரி சோர்ந்திருக்கும் அடைமழை இரவிலே அது வேலை செய்தல் வேண்டும். அன்ரெனாவைத் தெரிவதும் இணைப்பதும் அந்த இரவை மனத்திற் கொண்டு செய்யவேண்டிய காரியங்கள்.

முதலாவது, நீளம். ஜேர்மனியக் கல்வியாளரான ஹைன்றிக் ஹேர்ட்ஸ் 1886 முதல் 1888 வரை கார்ல்ஸ்றூ நகரில் மின்காந்த அலைகளை முதன்முதலாகச் செயற்கையாக எழுப்பிக் காட்டியபோது, இடையிலே சிறு வெளி விட்டு நேர்கோட்டில் வைத்த இரு உலோகக் கோல்களையே பயன்படுத்தினார். இன்றைய அன்ரெனாக்கள் யாவும் அக்கோல்களின் வழிவந்தவையே. கம்பியினுள் மின்னோட்டம் முன்னும் பின்னுமாக ஊசலாடும்போது அலை பிறக்கின்றது. ஊஞ்சலுக்கு அதன் கயிற்றின் நீளத்திற்கேற்ற ஒரு தாளம் இருப்பதுபோல, கம்பிக்கும் அதன் நீளத்திற்கேற்ற ஒரு தாளம் உண்டு. அத்தாளத்தில் தள்ளினால் சிறு விசையும் பெரிய ஆட்டத்தைத் தரும். தாளம் தவறித் தள்ளினால் உழைப்பு வீணாகும்.

கணக்கு எளிது. அலை ஒரு செக்கனில் எத்தனை முறை எழுந்து தாழ்கின்றதோ அதுவே அதன் மீடிறன். 300 என்னும் எண்ணை, மெகாஹேர்ட்ஸில் கூறிய மீடிறனால் வகுத்தால் அலைநீளம் மீற்றரிற் கிடைக்கும். மத்திய அலையில் 1 மெகாஹேர்ட்ஸில் ஒலிபரப்பும் நிலையத்தின் அலைநீளம் 300 மீற்றர். அதன் காற்பங்கு 75 மீற்றர். ஒலிபரப்பு நிலையங்களில் வானளாவிய கோபுரங்கள் நிற்பதன் காரணம் இதுவே. சிறு மோடெம்களில் வழக்கமான 433 மெகாஹேர்ட்ஸுக்கு அலைநீளம் ஏறத்தாழ 69 சென்ரிமீற்றர். காற்பங்கு 17 சென்ரிமீற்றர். ஆசிய நாடுகள் பலவற்றில் வழங்கும் 923 மெகாஹேர்ட்ஸுக்குக் காற்பங்கு 8 சென்ரிமீற்றர். 2,450 மெகாஹேர்ட்ஸுக்கு 3 சென்ரிமீற்றர் மட்டுமே. நடைமுறையில் கம்பியின் தடிப்பு முதலிய காரணங்களால் இந்நீளம் ஏறத்தாழ நூற்றுக்கு ஐந்து குறைவாக அமையும். ஆகவே அறிந்தோர் கம்பியைச் சற்று நீளமாக வெட்டி, அளந்து அளந்து குறைப்பர்.

இதிலிருந்து முதல் விதி பெறப்படும். அன்ரெனா, மோடெமின் மீடிறனுக்கு உரியதாக இருத்தல் வேண்டும். கடையில் கறுப்பு றப்பர் உறையிட்ட அன்ரெனாக்கள் ஒன்றைப்போல ஒன்று தோன்றும். 433க்கு உரியதும் 923க்கு உரியதும் உருவத்தால் வேறுபடாமலே இருக்கலாம். உருவத்தை நம்பாது, செய்தவர் தந்த விவரத் தாளை நோக்கியே வாங்குதல் நன்று. மீடிறனைத் தெரிவதும் ஒருவரது விருப்பத்திற்கு விட்ட காரியமன்று. அது நாட்டுக்கு நாடு வேறுபடும். இலங்கையில் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் விதிகளுக்கு அமைதல் வேண்டும்.

இரண்டாவது, அன்ரெனாவின் மறுபாதி. பெரியவர் நீரூற்றிய கோலை இங்கே நினைவு கூரலாம். மேலே நிற்கும் கம்பி பாதி அன்ரெனாவே. அதிலே மின்னோட்டம் மேலேறும்போது, ஈடுசெய்ய மறுபுறம் ஓடுவதற்கு ஓர் இடம் வேண்டும். பழைய பெட்டிக்கு அவ்விடம் நிலம். சிறு மோடெமுக்கு நிலம் இல்லை. ஆகவே சுற்றுப்பலகையிற் பரப்பிய செப்புத் தகடோ, அன்ரெனாவின் அடியில் வைத்த உலோகத் தட்டோ நிலத்தின் வேலையைச் செய்கின்றது. இதனை நிலத்தளம் எனலாம். காலலைக் கம்பியைப் பயன்படுத்துவோர், அதன் அடியிலிருந்து எப்புறமும் காலலை நீளத்துக்குக் குறையாத நிலத்தளத்தை அமைத்தல் நன்று. 923 மெகாஹேர்ட்ஸில் இது ஒரு சிறு சோற்றுத் தட்டின் அளவே.

பிளாஸ்ரிக் பெட்டியின் மூடியில் காலலைக் கம்பியை மட்டும் நட்டுவிட்டு, ஏன் எட்டவில்லை என வருந்துவோர் உளர். அவர்கள் நட்டது பாதி அன்ரெனா. மறுபாதி இல்லாதவிடத்து, இணைக்கும் கேபிளின் வெளிப்புறமே அவ்வேலையைத் தாறுமாறாகச் செய்ய முற்படும். கேபிளைத் தொட்டால் ஒரு விதம், விட்டால் ஒரு விதம் என வலிமை மாறிக்கொண்டிருக்கும். நிலத்தளம் அமைக்க வசதியில்லாத இடத்தில், இரு பாதிகளையும் தன்னுள்ளேயே கொண்ட அரையலை இருமுனை அன்ரெனாவைத் தெரிதல் தகும்.

மூன்றாவது, வகை. மிகச் சிறியது, அரிசி மணியளவான பீங்கான் அன்ரெனா. சுற்றுப்பலகையிலேயே செப்புக் கோடாக வரையப்பட்டது மற்றொன்று. இவ்விரண்டும் மலிவானவை, உடைந்து போகமாட்டா. ஆனால் அவற்றைச் சூழச் செப்பு இல்லாத வெற்றிடம் விடுதல் வேண்டும் எனவும், பலகை இன்ன நீளத்திற்குக் குறையலாகாது எனவும் செய்தவர் நிபந்தனை விதிப்பர். பலகையே மறுபாதி ஆதலின், அதனைக் குறுக்கினால் அன்ரெனா சோர்ந்துவிடும். அடுத்தது, விற்சுருள்போற் சுற்றிய கம்பி. இடம் குறைவெனினும் ஆற்றலும் குறைவு. அறைக்குள் வைக்கும் கருவிகளுக்கு இவை போதும். 2 கிலோமீற்றர் தாண்டவேண்டிய மழைமானிக்கு, நிமிர்ந்து நிற்கும் காலலைக் கம்பியோ அரையலை இருமுனையோ பெட்டிக்கு வெளியே இருத்தலே முறை.

பெட்டிக்கு வெளியே என்பது வலியுறுத்தத் தக்கது. உலோகப் பெட்டிக்குள் வைத்த அன்ரெனா, குடத்துள் இட்ட விளக்கு. வானலை உலோகச் சுவரைக் கடவாது. பிளாஸ்ரிக் பெட்டி அலையை மறிக்காதெனினும், உள்ளேயுள்ள பற்றரி, கம்பிக்கட்டு, உலோகத் திருகாணி ஆகியவை அன்ரெனாவை நெருங்கி நின்றால் அதன் தாளத்தை மாற்றிவிடும். மேசைமேற் திறந்தபடி அளந்தது ஒன்றாகவும், பெட்டியை மூடிய பின் அளந்தது வேறாகவும் இருப்பது இதனாலேயே. அளப்பதாயின், மூடி பூட்டி, நிற்கவேண்டிய கோலத்தில் நிறுத்தியே அளத்தல் வேண்டும்.

நான்காவது, பெருக்கம் என்னும் சொல்லின் பொருள். அன்ரெனாக்களின் விவரத்தில் 2 டெசிபெல், 5 டெசிபெல், 9 டெசிபெல் பெருக்கம் என எழுதியிருப்பர். எண் கூடக்கூட நன்மை கூடும் எனப் பலர் கருதுவர். அன்ரெனா புதிதாக எந்த ஆற்றலையும் ஆக்குவதில்லை. அறையின் நடுவே எரியும் விளக்குக்குப் பின்னால் ஆடி ஒன்றை வைத்தால் முன்புறம் ஒளி மிகும், பின்புறம் இருளும். எண்ணெய் கூடவில்லை, ஒளி ஒதுக்கப்பட்டது, அவ்வளவே. அன்ரெனாவின் பெருக்கமும் அவ்வாறானதே.

நிமிர்ந்து நிற்கும் இருமுனை அன்ரெனா, உளுந்து வடையைக் கோலிற் கோத்தாற்போன்ற வடிவில் நாற்புறமும் அலையைப் பரப்பும். கோலின் இரு நுனிகளின் நேரே ஏறக்குறைய ஒன்றும் செல்லாது. அதன் பெருக்கம் 2.15 டெசிபெல். 9 டெசிபெல் பெருக்கமுள்ள நீண்ட கோல் அன்ரெனாவில், அந்த வடை நசுக்கப்பட்டு அப்பளமாகின்றது. சமவெளியில் இது நன்மை. அலை தொடுவானை நோக்கித் தூரமாகச் செல்லும். மலைநாட்டிலோ இதுவே கேடாகலாம். எடுத்துக்காட்டிலுள்ள காரியாலயம் 2 கிலோமீற்றரில் 400 மீற்றர் தாழ்ந்திருக்கின்றது. அதாவது மானியிலிருந்து ஏறத்தாழ 11 பாகை கீழ்நோக்கிய திசையில் உள்ளது. அப்பளம் போன்ற அலைத்தட்டின் தடிப்போ, மேலும் கீழுமாக ஏழு பாகையளவே. அலையின் வலிய பகுதி காரியாலயத்தின் தலைக்கு மேலாகப் பள்ளத்தாக்கைக் கடந்து போய்விடும். அதிக விலை கொடுத்து வாங்கிய அன்ரெனா, மலிவானதிலும் மோசமாக நடந்துகொண்டதாக உரியவர் வியப்பார். உண்மையில் அது தன் இயல்பின்படியே நடந்தது.

இரண்டு இடங்களும் நிலையானவையாயின், ஒரு திசையை நோக்கிச் சாய்த்து வைக்கத்தக்க யாகி அன்ரெனா பொருத்தமானது. பழைய தொலைக்காட்சி அன்ரெனாவை வீட்டுக் கூரையிற் கண்டவர்கள் இதனை அறிவர். 1926இல் ஜப்பானின் செந்தாய் நகரிலுள்ள தொகோகு பேரரசுப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஷிந்தாரோ ஊடா, ஹிதெட்சுகு யாகி என்னும் இருவரின் ஆய்வில் உருவானது அது. எனினும் பெருக்கத்திற்குச் சட்டத்திலும் ஓர் எல்லை உண்டு. பல நாடுகளில் அன்ரெனாவிலிருந்து ஒரு திசையில் வெளிவரும் ஆற்றலுக்கே வரம்பு விதிக்கப்பட்டுள்ளது. ஐரோப்பாவில் 868.0 முதல் 868.6 வரையான மெகாஹேர்ட்ஸ் பகுதியில் அவ்வரம்பு 25 மில்லிவாற்று. பெருக்கம் கூடிய அன்ரெனாவை மாட்டுபவர், மோடெமின் ஆற்றலை அதற்கேற்பக் குறைக்கவேண்டி வரும்.

ஐந்தாவது, இணைப்பு. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை நிகழ்வது இங்கேதான். மோடெம், கேபிள், அன்ரெனா ஆகிய மூன்றும் ஒரே தடங்கலை உடையனவாக இருத்தல் வேண்டும். மாறும் மின்னோட்டத்திற்கு ஒரு பாதை காட்டும் எதிர்ப்பே தடங்கல் எனப்படும். இத்தகைய கருவிகளில் அது 50 ஓம். வாய்க்கால் ஒரே அகலமாகச் சென்றால் நீர் அமைதியாக ஓடும். திடீரென ஒடுங்கினால் ஒரு பகுதி மோதித் திரும்பும். 50 ஓம் மோடெமுடன் 75 ஓம் தொலைக்காட்சிக் கேபிளை இணைத்தால் இணைப்பிடத்தில் ஏறத்தாழ நூற்றுக்கு நான்கு பங்கு ஆற்றல் திரும்பும். இது சிறு நட்டமே. ஆனால் தாளம் தவறிய அன்ரெனாவிலோ நாலில் ஒரு பங்கும் திரும்பலாம். அறுந்த இணைப்பில் முழுவதும் திரும்பும். அன்ரெனாவை மாட்டாமலே மோடெமைச் செய்தி அனுப்பச் செய்யலாகாது என்பது இதனாலேயே. போக வழியற்றுத் திரும்பும் ஆற்றல் செலுத்தியின் இறுதிப் பகுதியைப் பழுதாக்கக்கூடும். அன்ரெனா முதல், மின்சாரம் பின் என்பதை வழக்கமாக்கிக்கொள்ளல் நன்று.

சுற்றுப்பலகையைத் தாமே வரைவோர், மோடெமிலிருந்து அன்ரெனா வரையுள்ள செப்புக் கோடும் ஒரு கேபிளே என்பதை மறத்தலாகாது. 1.6 மில்லிமீற்றர் தடிப்புள்ள வழக்கமான கண்ணாடியிழைப் பலகையில், அடியிலே நிலச்செப்பு முழுமையாக இருக்க, ஏறத்தாழ 3 மில்லிமீற்றர் அகலமுள்ள கோடு 50 ஓம் ஆகும். மயிரிழைபோல வரைந்த நீண்ட கோடு, ஒடுங்கிய வாய்க்கால்.

கேபிள் தரும் நட்டம் இன்னும் பெரிது. 900 மெகாஹேர்ட்ஸை அண்மித்த மீடிறனில், ஆர்.ஜி. 174 என்னும் மெல்லிய கேபிள் மீற்றருக்கு ஏறத்தாழ 1 டெசிபெல்லை விழுங்கும். அதில் 10 மீற்றர் ஓடினால் பத்தில் ஒரு பங்கே மிஞ்சும். 100 மில்லிவாற்று அனுப்பினால் அன்ரெனாவுக்குச் சேர்வது 10. ஆர்.ஜி. 58 கேபிளில் ஏறத்தாழ 32 மிஞ்சும். விரலளவு தடித்த எல்.எம்.ஆர். 400 கேபிளில் 74 வரை மிஞ்சும். வாங்கும்போதும் இதே நட்டம் நேரும். ஆகவே அன்ரெனாவை 10 மீற்றர் உயரக் கம்பத்தில் ஏற்றி, மோடெமை அடியில் வைத்து, மெல்லிய கேபிளால் இணைப்பவர், உயரத்தால் ஈட்டியதைக் கேபிளில் இழக்கின்றார். மோடெமையே நீர் புகாப் பெட்டியில் இட்டு அன்ரெனாவின் அருகே ஏற்றிவிட்டு, மின்சாரத்தையும் எண்களையும் சாதாரணக் கம்பிகளால் மேலும் கீழும் அனுப்புவதே பலவேளை சிறந்த வழி. எண்கள் கம்பியிற் செல்லும்போது வானலைபோல வீணாவதில்லை.

இணைப்பிகளிலும் கவனம் வேண்டும். எஸ்.எம்.ஏ. என்னும் திருகு இணைப்பியில் இரு வகை உண்டு. ஒன்றில் ஆண் இணைப்பியின் நடுவே ஊசி இருக்கும். மறுமுனை வகை என்பதில் அவ்வூசி எதிர்ப்பக்கத்துக்கு மாறியிருக்கும். புரி ஒன்றே ஆதலின், பொருந்தாத இரண்டும் அழகாகத் திருகிக்கொள்ளும். உள்ளே ஊசியும் துளையும் சந்திக்கமாட்டா. வெளியே இறுக்கமாகவும் உள்ளே அறுந்ததாகவும் இருக்கும் இவ்விணைப்பு பலரது நாட்களை வீணாக்கியுள்ளது. இணைக்குமுன் இரண்டின் நடுவையும் கண்ணால் நோக்குதல் போதும். யு.எஃப்.எல். என்னும் மிகச் சிறிய அமுக்கு இணைப்பியோ, ஏறத்தாழ 30 முறை கழற்றி மாட்டவே செய்யப்பட்டது. பரீட்சை செய்யும் ஆர்வத்தில் அதன் ஆயுளைச் செலவிட்டுவிட்டுக் கருவியை மலையில் வைத்தலாகாது. சில மோடெம்களில் பீங்கான் அன்ரெனாவும் இந்த இணைப்பியும் ஒருங்கே இருக்கும். எது இயங்குவது என்பதை, கடுகளவான ஒரு தடையியை இங்கிருந்து அங்கே மாற்றி ஒட்டியே தீர்மானிப்பர். அதனை அறியாதார் வெளியே பெரிய அன்ரெனாவை மாட்டி வைத்திருக்க, மோடெம் உள்ளே பீங்கான் மணியோடு பேசிக்கொண்டிருக்கும்.

ஆறாவது, இடம். இரு அன்ரெனாக்களும் ஒரே கோலத்தில் இருத்தல் வேண்டும். ஒன்று நிமிர்ந்தும் மற்றது படுத்தும் இருப்பின் 20 டெசிபெல் வரை இழப்பு நேரலாம். இரண்டுக்கும் இடையே கண் பார்வை தடையின்றிச் செல்வதும் போதாது. அலை நூல்போல அன்று, நடுவில் பருத்த கதிர்போலச் செல்லும். 2 கிலோமீற்றர் தூரத்தில் 923 மெகாஹேர்ட்ஸுக்கு அக்கதிரின் நடு ஆரை ஏறத்தாழ 13 மீற்றர். அதில் ஐந்தில் மூன்று பங்காவது, அதாவது 8 மீற்றராவது, மேட்டாலும் மரத்தாலும் மறைக்கப்படாது இருத்தல் வேண்டும். தேயிலைக்கு நடுவே வளர்ந்த நிழல் மரம் வெயிலில் சிறிது மறைக்கும்; மழையில் நனைந்த அதன் இலைகள் மேலும் மறைக்கும். இன்று தோளளவாக நிற்கும் மரம் சில ஆண்டுகளில் வழியை அடைத்துவிடும் என்பதையும் எண்ணவேண்டும்.

வெளியே நிற்கும் இணைப்பிகளைச் சுற்றித் தன்னோடு தானே ஒட்டும் றப்பர் நாடாவை இறுகச் சுற்றுதல் வேண்டும். கேபிள் பெட்டிக்குள் நுழையுமுன் ஒரு வளைவு கீழே தொங்கவிட்டால், வழிந்து வரும் நீர் அவ்வளைவிலே சொட்டிவிடும். கேபிளுக்குள் ஒருமுறை நீர் புகுந்தால் அது காய்ந்தாலும் கேபிள் பழைய கேபிள் ஆகாது. உயரத்தில் நிற்கும் உலோகம் இடிமின்னலுக்கு அழைப்பு ஆதலின், கம்பத்திற்குப் புவித்தொடுப்பும் கேபிளுக்கு மின்னற் காப்பும் அவசியம். நிலத்தில் அறைந்த அந்தப் பழைய கோலுக்கு இன்றும் வேலை உண்டு.

இறுதியாக, பரீட்சை. வாங்கும் மோடெம் தனக்கு வந்த அலையின் வலிமையை எண்ணாகக் கூறும். அது சுழியத்துக்குக் கீழ்ப்பட்ட எண்; சுழியத்தை அண்மிக்க அண்மிக்க வலிமை கூடும். மோடெம் கேட்கக்கூடிய கடைசி எல்லை சுழியத்துக்குக் கீழ் 130 டெசிபெல் எனக் கொள்வோம். வெயில் நாளில் 125இல் செய்தி வந்தால், கையிருப்பு 5 டெசிபெல் மட்டுமே. செய்தி வருகிறதே என மகிழ்ந்து இறங்கி வருபவர், மழை வந்ததும் அதனை இழப்பார். 105இல் வந்தால் கையிருப்பு 25. நனைந்த இலையும், சோர்ந்த பற்றரியும், வளர்ந்த மரமும் தம் பங்கை எடுத்த பின்னரும் எஞ்சியிருக்கும். வெட்டவெளியில் தூரம் இரட்டிக்க 6 டெசிபெல் செலவாகும் என்பதை அறிந்தவர், இக்கையிருப்பின் மதிப்பை உணர்வர். அன்ரெனாவின் பொருத்தத்தை அளக்கும் சிறு கருவிகள் இன்று ஒரு பாடசாலை விஞ்ஞானக் கழகம் வாங்கக்கூடிய விலைக்கு வந்துவிட்டன. இவற்றோடு ஒரு மழைநாளிலும் சென்று அளந்து பார்ப்பவரே பணியை முடித்தவர். செய்தி வராத வேளையில் அதனைக் கண்டுகொள்ளவும் ஓர் ஏற்பாடு வேண்டும். மழை இல்லாவிடினும் மணிக்கு ஒரு முறை ‘இருக்கிறேன்’ என மானி கூறவேண்டும். அக்குரல் கேட்காவிடின், மழையில்லை என்று கொள்ளாது, கருவி பேசவில்லை என்றே காரியாலயம் கொள்ளல் வேண்டும்.

மேற்கூறியவற்றுள் எதுவும் பெருஞ்செலவு அன்று. மீடிறனுக்குரிய நீளம், மறுபாதிக்கு ஒரு தட்டு, திசைக்கேற்ற வடிவம், குறுகிய கேபிள், பொருந்திய ஊசி, நீர் புகாத நாடா ஆகியவற்றின் விலை மோடெமின் விலையை விஞ்சாது. வேண்டியது சிறிது பொறுமையும் சிறிது முன்யோசனையுமே. தென்னைகளுக்கு இடையே கம்பி கட்டிய பெரியவர், ஒலி மங்கினால் பெட்டியைத் தட்டுவதற்கு முன் வெளியே சென்று கம்பியைப் பார்ப்பார். அவருக்கு மங்கியது ஒரு பாட்டோ ஒரு செய்தியோ மாத்திரம். மலைச்சரிவின் கீழ் உறங்கும் குடும்பங்களுக்கோ, மங்கக்கூடியது எழுந்து வெளியேறும்படி அழைக்கும் ஒரே குரல். ஆகவே மழைமானியைப் பொறுப்பிற் கொண்டவர், மாரி தொடங்குமுன் ஒருமுறை மேட்டுக்கு ஏறி, அன்ரெனா நிமிர்ந்து நிற்கின்றதா, இணைப்பி இறுக்கமாக உள்ளதா, நாடா வெடித்துள்ளதா, மரம் வளர்ந்து மறைத்துள்ளதா என்பவற்றைக் கண்ணாற் கண்டு வருதல் கடனாகும்.